சதாகோ யாருக்காகவும் காத்திருக்கவில்லை

கெய்சுகே கினோஷிதா 1961இல் எடுத்த 'எயென் நோ ஹிதோ' படத்தைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். குத்தகை விவசாயியின் மகள் சதாகோவும் அதே ஊர் இளைஞன் ஒருவனும் காதலிக்கிறார்கள். காதலன் போர்முனையில் இருக்கும்போது பண்ணையார் மகன் அவளை வல்லுறவு செய்கிறான், பின்னர் தன் மனைவியாக்கிக்கொள்கிறான். பிரிந்த இருவரும் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஒருவரையொருவர் மறக்காமல் வாழ்கிறார்கள். கடைசியில் ஒரு மரணப் படுக்கையின் பக்கத்தில் பழைய பகையெல்லாம் கரைகிறது. 'இம்மார்டல் லவ்' என்ற பெயரில் வெளிநாடுகளில் ஓடி, சிறந்த அயல்மொழிப் படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரையும் பெற்று, பெர்க்மனின் 'த்ரூ எ கிளாஸ் டார்க்லி'யிடம் பரிசை விட்ட இந்தப் படம், இன்றுவரை அழியாக் காதலின் காவியம் என்றே அறிமுகப்படுத்தப்படுகிறது. அதில் ஒரு பிசிறும் உண்டு: கினோஷிதா கண்ணீர் வரவழைக்கத் தெரிந்தவர், இது அவருடைய இன்னொரு கண்ணீர்ப் படம் என்று சொல்லி நகர்ந்துவிடுபவர்கள். பாராட்டுகிறவர்களும் பழிக்கிறவர்களும் ஓர் இடத்தில் ஒன்றுபடுகிறார்கள். சதாகோ தன் காதலுக்காகக் காத்திருந்தவள் என்பதில் இரு தரப்புக்கும் சந்தேகமே இல்லை. படத்தை ஊன்றிப் பார்த்தால் அப்படி ஒரு காத்திருப்பு அதில் எங்குமே இல்லை. சம்மதம் கேட்கப்படாத ஒரு பெண், கேட்கப்படாத அந்தச் சம்மதத்தை 29 ஆண்டுகள் தராமலே வைத்திருந்தாள் என்பதுதான் கினோஷிதா சொல்லும் கதை. காதல் அந்தக் கதையின் தொடக்கத்தில் வரும் ஒரு சம்பவம் மட்டுமே.

காதலைப் பற்றிய படம் என்றால் முதலில் காதலைக் காட்ட வேண்டும். இந்தப் படம் அதைச் செய்யவில்லை. 1932இல் கதை தொடங்குகிறது. ஷாங்காய் சண்டையில் காலில் அடிபட்டு, ஊனத்தோடு ஊர் திரும்புகிறான் பண்ணையார் மகன் ஹெய்பெய். நடிப்பவர் தத்சுயா நகதாய். ஹிதேகோ தகாமினே நடிக்கும் சதாகோவின் காதலன் தகாஷி அப்போது இன்னும் போர்முனையில் இருக்கிறான். அந்தப் பாத்திரத்தில் கெய்ஜி சதா. ஆக, காதலர்கள் பழகிய நாட்கள், கொடுத்துக்கொண்ட வாக்குகள் எல்லாமே படம் தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிட்டவை. பிறகு ஃப்ளாஷ்பேக்கில் அவற்றைக் கூட்டி வந்து காட்டும் வழக்கமான உத்தியையும் கினோஷிதா தொடவில்லை. 1932, 1944, 1949, 1960, 1961 என்று ஐந்து அத்தியாயங்கள் முன்னோக்கியே போகின்றன. பார்வையாளர் ஏங்குவதற்கு ஒரு பொற்காலம் கொடுக்கப்படவில்லை. இது மறதியால் நேர்ந்தது என்று சொல்ல முடியாது, ஏனென்றால் இழந்த காதலை எப்படிக் காட்டுவது என்று இவரைவிட நன்றாக அறிந்தவர் அன்றைய ஜப்பானில் அதிகம் பேர் இல்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன், 1955இல், இதோ சச்சியோவின் புகழ்பெற்ற நாவலை அவர் 'நோகிகு நோ கொதோகி கிமி நாரிகி' என்று படமாக்கினார். தன்னைவிட இரண்டு வயது மூத்த தமிகோவை மசாவோ நேசிக்கிறான்; வீட்டார் அவளை வேறு இடத்தில் கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள்; அவள் செத்துப்போகிறாள். முதியவராகிவிட்ட மசாவோவின் நினைவாகவே படம் விரிகிறது. பழைய புகைப்பட ஆல்பம்போல நினைவுக் காட்சிகள் அத்தனையும் வெள்ளை விளிம்பிட்ட முட்டை வடிவச் சட்டத்துக்குள் வருகின்றன. அங்கே காதல்தான் எல்லாம். கட்டாயக் கல்யாணம் அதைக் கொல்ல வரும் விதி; கட்டிக்கொண்ட கணவன் யார், எப்படிப்பட்டவன் என்பதெல்லாம் கதைக்குத் தேவையே இல்லை. அந்தப் படத்தை எடுத்த அதே மனிதர் 1961இல் முட்டை வடிவச் சட்டத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு, அகன்ற கறுப்பு வெள்ளைத் திரையில், கணவனைக் கதையின் நடுவில் கொண்டுவந்து உட்கார வைக்கிறார். தமிகோ கல்யாணத்துக்குப் பின் உயிரோடு இருந்திருந்தால் அந்த வீட்டுக்குள் என்ன நடந்திருக்கும் என்ற கேள்விக்கு அவரே எழுதிய பதில் இது. இரண்டையும் ஒரே வகைக் கண்ணீர்ப் படங்களாக அடுக்குவது, ஒருவர் தன் பேச்சைத் தானே மறுத்துப் பேசியதைக் கவனிக்காமல் விடுவதாகும்.

இந்தக் கல்யாணத்தைச் செய்து வைத்தது யார் என்று அடுத்துக் கேட்க வேண்டும். ஹெய்பெய்யின் காமமும் பொறாமையும் என்று சொல்வது சுலபம். அது பாதி உண்மைதான். சதாகோவின் தந்தை ஹெய்பெய் குடும்பத்தின் நிலத்தில் பயிர் செய்து பிழைப்பவர். போருக்கு முந்தைய ஜப்பானில் விளைநிலத்தில் ஏறத்தாழ 46 சதவீதம் குத்தகை நிலமாக இருந்தது. நெல் விளைச்சலில் ஏறக்குறையப் பாதி குத்தகையாகவே பண்ணையார் வீட்டுக்குப் போய்விடும். நிலத்தைத் திரும்பக் கேட்டால் மறுக்கக் குடியானவனுக்கு வழியில்லை. அந்த வீட்டில் நடந்த வல்லுறவைப் பற்றி அவர் எந்த வாயால் எதிர்த்துப் பேசுவார்? அன்றைய குற்றவியல் சட்டப்படி, பாதிக்கப்பட்ட தரப்பு புகார் கொடுத்தால்தான் வல்லுறவு வழக்காகும். அந்த நிலை 2017 வரை மாறவில்லை. 1898இல் நடைமுறைக்கு வந்த குடிமைச் சட்டத்தில் கல்யாணத்துக்குக் குடும்பத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். 25 வயது நிறையாத பெண்ணுக்குப் பெற்றோரின் சம்மதமும் வேண்டும். கல்யாணம் ஆன பெண் முக்கியமான கொடுக்கல் வாங்கல் எதையும் கணவனின் அனுமதி இல்லாமல் செய்ய முடியாது. பெண்ணின் விருப்பம் ஏட்டில் இருந்தது; அதைக் கேட்பதற்கு ஊரில் ஆள் இல்லை. ஹெய்பெய் என்ற தனிமனிதனின் குரூரம் இந்த ஏற்பாட்டின்மேல் சாய்ந்து நிற்கிறது. அவன் பறித்துக்கொண்டதைக் கல்யாணமாக்கிக் கொடுத்தது அவனுடைய முரட்டுத்தனம் அல்ல, அவன் வீட்டு நிலம். சதாகோ தற்கொலைக்கு முயன்று காப்பாற்றப்படுவதையும், அதன் பிறகும் ஊர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போவதையும் கினோஷிதா ஒரே சீராகக் காட்டுகிறார். தனக்கு நேர்ந்தது அநியாயம் என்று சதாகோவுக்குத் தெரியும். அந்த அநியாயத்துக்கு ஊர் வைத்திருக்கும் ஒரே மருந்து, அதைச் செய்தவனையே கட்டிக்கொள்வது.

காதல் காவியம் என்ற வாசிப்பு ஆட்டம் காணும் இடம் அடுத்து வருகிறது. தகாஷி போரிலிருந்து திரும்புகிறான். நடந்ததை அறிந்த பிறகும் இருவரும் ஓடிப்போக முடிவெடுக்கிறார்கள். குறித்த நேரத்தில் அவன் வரவில்லை, கடிதம் வருகிறது. ஹெய்பெய்யைக் கட்டிக்கொண்டால் அவள் நன்றாக வாழ்வாள் என்று எண்ணித் தான் தனியே போய்விட்டதாகச் சொல்லும் கடிதம். இந்தக் கடிதத்தைத் தியாகம் என்று படிப்பவர்கள் உண்டு. ஏழை தன் ஏழ்மையை எண்ணிக் காதலியின் நல்வாழ்வுக்காக ஒதுங்கினான் என்று அவர்கள் மனம் இளகுகிறார்கள். கொஞ்சம் நிதானித்துப் பார்க்கலாம். ஹெய்பெய் அவளைக் கேட்காமல் அவள் உடம்பைப் பற்றி ஒரு முடிவெடுத்தான். தகாஷி அவளைக் கேட்காமல் அவள் வாழ்க்கையைப் பற்றி ஒரு முடிவெடுத்தான். முன்னது கொடுமை, பின்னது கனிவு. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆனால் சதாகோவின் பக்கம் நின்று பார்த்தால் இரண்டிலும் விடுபட்டது ஒன்றே: அவளுடைய வாய்ச்சொல். ஓடிப்போகத் தயாராக வந்து நின்றவள் அவள். பயந்ததும், கணக்குப் போட்டதும், விலகியதும் அவன். அவளை அந்தப் பண்ணை வீட்டுக்குள் முதலில் தள்ளியது வன்முறை; வெளியே வரும் கதவைச் சாத்தியது காதலனின் நல்லெண்ணம். அவள் ஹெய்பெய்யின் மனைவியாவது இந்தக் கடிதத்துக்குப் பிறகுதான் என்ற வரிசை முக்கியமானது. கினோஷிதா விரும்பியிருந்தால் தகாஷியைப் போரிலேயே சாகடித்திருக்கலாம், அடியாட்களைக் கொண்டு அடித்து விரட்டியிருக்கலாம். அப்போது காதல் மாசில்லாமல் மிஞ்சியிருக்கும். அவர் தகாஷியின் கையில் பேனாவைக் கொடுத்தார். அழியாக் காதலைப் பாட வந்த ஒருவர் செய்யக்கூடிய வேலையா இது?

இனி அந்தக் கல்யாணத்துக்குள் நடப்பதைப் பார்ப்போம். சதாகோ வீட்டை நடத்துகிறாள், மூன்று பிள்ளைகளைப் பெறுகிறாள், மருமகளுக்குரிய வேலைகளைச் செய்கிறாள். செய்யாத ஒன்று உண்டு: நடந்ததை நடக்காததாக்கும் வேலையை அவள் கடைசிவரை செய்யவில்லை. தகாமினேயின் நடிப்பு இங்கே தனித்துக் கவனிக்க வேண்டியது. 'இருபத்துநான்கு கண்கள்' படத்தில் மாணவர்களுக்காக உருகிய ஆசிரியையாக இதே இயக்குநரிடம் நடித்துத் தேசத்தையே அழவைத்தவர் அவர். இங்கே அழுகைக்கு இடம் இருக்கும் காட்சிகளில்கூட முகத்தை இறுக்கி வைத்துக்கொள்கிறார். ஹெய்பெய்யோடு பேசும்போது குரலில் மரியாதையின் வடிவம் இருக்கிறது, உள்ளே மரியாதை இல்லை. இருபதுகளில் தொடங்கி ஐம்பதை நெருங்கும் வயதுவரை ஒரே பாத்திரத்தைக் கொண்டுபோகும் அவர், நடையையும் குரலையும் முதுமைப்படுத்துகிறார். அந்தப் பார்வையை மட்டும் முதுமைப்படுத்தவில்லை. இசையும் இதற்கு ஒத்துப்போகிறது. படத்துக்கு இசையமைத்தவர் இயக்குநரின் தம்பி சூஜி கினோஷிதா. கியூஷூவின் ஆசோ எரிமலை அடிவாரத்தில் நடக்கும் கதைக்கு அவர் ஸ்பானிய ஃபிளமெங்கோவைப் போட்டார்: கிதார், கைத்தட்டு, அந்த மெட்டில் கதையைச் சொல்லும் ஜப்பானிய வரிகள். பொருந்தாத ஆடம்பரம் என்று பலரும் முகம் சுளித்த தேர்வு இது. இழந்த காதலின் படம் என்று நினைத்துக் கேட்டால் பொருந்தாதுதான். அதற்கு வயலின்கள் போதும். ஃபிளமெங்கோ ஆற்றாமையை இழைத்து இழைத்து அழுவதில்லை, தரையில் காலை ஓங்கி மிதித்துச் சொல்கிறது. கோபத்தை ஆண்டுக்கணக்கில் ஆறவிடாமல் வைத்திருக்கும் ஒருத்தியின் கதைக்கு இதைவிடப் பொருத்தமான தாளத்தை நான் கேட்டதில்லை.

காதலைப் போற்றுவதுதான் படத்தின் நோக்கம் என்றால் தொமோகோ என்ற பெண் எதற்கு? தகாஷி பிறகு வேறொருத்தியைக் கட்டிக்கொள்கிறான். நொபுகோ ஒதோவா நடிக்கும் தொமோகோ அவள். 1944இல் அவன் மீண்டும் போரில் இருக்கும்போது அவள் ஹெய்பெய் வீட்டுக்கே வேலைக்கு வருகிறாள். கணவனின் மனம் இன்னமும் சதாகோவிடம் இருப்பது அவளுக்குத் தெரியும். ஹெய்பெய் இப்போது அவள்பக்கம் திரும்புகிறான். முடிவில் அவள் ஊரைவிட்டே போகிறாள். காதல் காவியங்களில் நாயகனின் மனைவி ஒன்று சண்டைக்காரியாக இருப்பாள், இல்லையென்றால் வசதியாகச் செத்துப்போவாள். இங்கே தொமோகோ சதாகோவுக்கு எதிரில் பிடித்த கண்ணாடி. ஒருத்தி விரும்பாத கணவனிடம் மாட்டிக்கொண்டவள், மற்றவள் தன்னை விரும்பாத கணவனிடம் மாட்டிக்கொண்டவள். தகாஷியின் அழியாத நினைவு என்று நாம் எதைப் போற்றுகிறோமோ, அதற்கு அன்றாடம் விலை கொடுத்தவள் தொமோகோ. அந்த விலையைக் கினோஷிதா நம் கண்முன் எண்ணிவைக்கிறார். காதலின் புனிதத்தில் அவருக்கு அத்தனை நம்பிக்கை இருந்திருந்தால் இந்தப் பெண்ணை இவ்வளவு அருகில் போய்க் காட்டியிருக்க மாட்டார்.

இங்கே எழும் மறுப்புகளில் மிகவும் கனமானது எயிச்சியைப் பற்றியது. வல்லுறவில் பிறந்த மூத்த மகன் அவன். சதாகோவால் அவனை மற்ற இருவரைப்போல நேசிக்க முடியவில்லை. 1949இல், தன் பிறப்பின் கதையை அறிந்த அந்தப் பையன் ஆசோ எரிமலையின் வாயில் விழுந்து உயிரை விடுகிறான். சம்மத மறுப்பு என்று நீங்கள் உயர்த்திப் பிடிப்பது ஒரு குழந்தையைக் கொன்றதே, ஹெய்பெய்யைத் தண்டிக்க நினைத்தவள் எயிச்சியைத் தண்டித்தாளே, அப்படியென்றால் வெறுப்பு அழிக்கும், மன்னிப்பு காக்கும் என்பதுதானே படத்தின் நீதி என்று கேட்கலாம். கேள்வியின் முதல் பாதியை நான் மறுக்கவில்லை. சதாகோவின் தவறு அது. படம் அதை மூடி மறைக்கவில்லை, அவளும் கடைசியில் மறைக்கவில்லை. இரண்டாம் பாதிதான் தடம் புரள்கிறது. அவள் ஹெய்பெய்யை மன்னித்திருந்தால் எயிச்சி பிழைத்திருப்பான் என்ற வாதத்துக்குள், மகனின் உயிருக்கான பிணையாகத் தாயின் மன்னிப்பை வைக்கும் வேலை ஒளிந்திருக்கிறது. அந்தப் பையனின் பிறப்பை ஒரு ரகசியமாக்கியது யார்? வல்லுறவைக் கல்யாணம் என்று பெயர் மாற்றி, எல்லாருக்கும் தெரிந்ததை யாரும் பேசாததாக ஆக்கிவைத்த அந்த வீடு. பழைய சட்டத்தில் கணவனைப் பிரியும் பெண்ணுக்கு, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், பிள்ளைகள் கிடைக்க மாட்டார்கள். பொறுப்பு தந்தைக்கே போகும். ஆகவே அந்தக் குழந்தையோடு தனியே போய் அவனை அவனாகவே நேசிக்கக் கற்றுக்கொள்ளும் வழியும் அவளுக்கு அடைபட்டிருந்தது. எயிச்சியின் முகத்தை நாள்தோறும் அவன் தந்தையின் வீட்டில், அவன் தந்தையின் பக்கத்தில் வைத்தே அவள் பார்க்க வேண்டியிருந்தது. பாதிக்கப்பட்டவள் பரிசுத்தமாக இருந்தால்தான் அவள்பக்கம் நியாயம் என்று கினோஷிதா நினைக்கவில்லை. அநியாயத்துக்கு உள்ளானவர் அதனாலேயே அநியாயம் செய்யவும் கூடும் என்று காட்டும் துணிவு அவருக்கு இருந்தது. அந்தத் துணிவைப் பிடித்துக்கொண்டு சதாகோவின் அடிப்படை வழக்கையே தள்ளுபடி செய்வது நேர்மையாகாது.

இன்னொரு மறுப்பு நடைமுறை சார்ந்தது. 1947இல் எல்லாம் மாறிவிட்டதே, அதன் பிறகும் அவள் ஏன் அந்த வீட்டில் இருந்தாள்? அந்த ஆண்டு மே 3 அன்று நடைமுறைக்கு வந்த புதிய அரசியல் சட்டத்தின் 24ஆம் பிரிவு, கல்யாணம் இருபாலரின் பரஸ்பர சம்மதத்தின் பேரில் மட்டுமே நடக்க வேண்டும் என்றது. அதன் மூல வரைவை எழுதியவர் 22 வயதுப் பெண் பியாதெ சிரோதா. குடும்பத் தலைவரின் அதிகாரம் நீங்கியது. மனைவியின் பிறழுறவை மட்டும் குற்றமாக்கிய சட்டப் பிரிவும் நீக்கப்பட்டது. 1946இல் சட்டமாகி அடுத்த சில ஆண்டுகளில் நிறைவேறிய நிலச் சீர்திருத்தத்தில், உள்ளூரில் வசிக்கும் பண்ணையார்கள் குத்தகைக்கு விட்ட நிலத்தில் சராசரி ஒரு ஹெக்டேர் அளவுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியவில்லை. குத்தகை நிலம் ஏறத்தாழப் பத்து சதவீதமாகச் சுருங்கியது. படத்தின் இரண்டாம் அத்தியாயம் 1944, மூன்றாம் அத்தியாயம் 1949. ஜப்பானியக் கிராமத்தின் தலையெழுத்தை மாற்றிய அத்தனையும் இந்த இரண்டு அத்தியாயங்களுக்கு இடையிலான ஐந்து ஆண்டுகளில் நடந்துவிடுகின்றன. திரை திறக்கும்போது அதே வீடு, அதே கணவன், அதே மனைவி. சட்டம் வந்த வேகத்தில் வாழ்க்கை வரவில்லை என்பதைச் சொல்ல இதைவிடக் கறாரான வழி இல்லை. கல்யாணமாகிப் பல ஆண்டுகள் கழிந்து, மூன்று பிள்ளைகளோடு நிற்பவளுக்கு 24ஆம் பிரிவு கடந்த காலத்தைத் திருப்பித் தராது. தந்தால் அடுத்த தலைமுறைக்குத் தரும். சதாகோ அதைத்தான் புரிந்துகொள்கிறாள். அவள் அந்த வீட்டிலேயே இருந்ததைப் பணிவு என்று எண்ணுபவர்கள், அங்கே இருந்தபடி அவள் செய்த காரியங்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அந்தக் காரியங்கள் 1960ஆம் ஆண்டு அத்தியாயத்தில் இருக்கின்றன. மகள் நவோகோ, தகாஷியின் மகன் யுதகாவை விரும்புகிறாள். ஹெய்பெய் சம்மதிக்க மாட்டான். சதாகோ இருவரையும் ஒசாகாவுக்கு அனுப்பி வைக்கிறாள். காதல் வாசிப்பு இதைக் கொண்டாடி எடுத்துக்கொள்ளும்: பெற்றோரின் நிறைவேறாக் காதல் பிள்ளைகளிடம் நிறைவேறிவிட்டது என்று. அப்படிப் படித்தால் நவோகோவும் யுதகாவும் தங்கள் பெற்றோரின் பொம்மைகளாகிவிடுவார்கள். மகளின் கல்யாணம் தாயின் கடனைத் தீர்க்கும் தவணையாகிவிடும். 1932இன் தப்பியோட்டத்தையும் 1960இன் தப்பியோட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும். அன்று இருவரில் ஒருவன் மற்றவளுக்காகத் தானே முடிவெடுத்தான். இன்று இருவரும் சேர்ந்து முடிவெடுக்கிறார்கள், சேர்ந்தே போகிறார்கள். சதாகோ அவர்களுக்குக் கொடுப்பது தன் காதலின் மிச்சத்தை அல்ல, தனக்கு மறுக்கப்பட்ட உரிமையை. இதே அத்தியாயத்தில் இரண்டாவது மகன் மொரிதோ, அமெரிக்கப் பாதுகாப்பு ஒப்பந்தத்துக்கு எதிரான கிளர்ச்சியில் ஈடுபட்டு போலீஸ் தேடும் மாணவனாக வருகிறான். தாய் அவனுக்கு உதவுகிறாள். 1960இன் வசந்தத்திலும் கோடையிலும் ஜப்பானை உலுக்கிய அந்தக் கிளர்ச்சிக்கு ஒரு காதல் படத்தில் என்ன வேலை? அத்தியாயங்களின் ஆண்டுகளை மறுபடி பாருங்கள். ஷாங்காய்ப் போர், பசிபிக் போரின் இறுதிக் காலம், நிலச் சீர்திருத்தம், ஒப்பந்த எதிர்ப்பு. காதலர்களின் பிறந்தநாளையோ சந்திப்பையோ வைத்து வகுத்த காலக்கணக்கு இல்லை இது. மக்களைக் கேட்காமல் அவர்கள் பேரில் முடிவெடுக்கும் அதிகாரம், அதற்கு அவர்கள் காட்டிய எதிர்ப்பு, இரண்டின் வரலாறும் இந்த ஆண்டுகளின் ஊடே ஓடுகிறது. மொரிதோ தெருவில் சொன்ன 'மாட்டேன்', அவன் தாய் வீட்டுக்குள் சொல்லிக்கொண்டிருந்ததன் இன்னொரு வடிவம்.

கடைசி அத்தியாயத்தை எதிர்த்தரப்பு தன் கைத்துருப்பாக வைத்திருக்கிறது. 1961. தகாஷி சாகக் கிடக்கிறான். நவோகோவும் யுதகாவும் குழந்தையோடு வந்திருக்கிறார்கள். சதாகோ ஹெய்பெய்யிடம் வந்து, மகளின் கல்யாணத்தை ஏற்றுக்கொள்ளும்படி மன்றாடுகிறாள். நீ என்னை எப்போதாவது மன்னித்திருக்கிறாயா என்ற பொருளில் அவன் மறுக்கிறான். பிறகு இறங்கி வருகிறான். படம் இருவரையும் தகாஷியின் வீட்டை நோக்கிய வழியில் விட்டு முடிகிறது. கடைசியில் மண்டியிட்டவள் அவள்தானே, பெண் தணிந்துபோனால் குடும்பம் பிழைக்கும் என்ற பழைய பாடம்தானே என்று பெண்ணிய நோக்கில் எழுதுபவர்களும் கேட்கிறார்கள். படத்தைத் தூற்ற அவர்கள் சொல்வதையே, படத்தைப் போற்றுபவர்கள் சமாதானம் என்று புகழ்கிறார்கள். இருவரும் அந்தக் காட்சியின் பேரத்தைப் பார்க்கவில்லை. சதாகோ கேட்பது தனக்காக இல்லை. நடந்தது சரியென்று அவள் ஒப்புக்கொள்ளவும் இல்லை. இரண்டு பேர் தாங்களே தேர்ந்துகொண்ட ஒரு கல்யாணத்தை, அப்படி ஒன்று சாத்தியமே இல்லை என்று வாழ்ந்த மனிதன் தன் வாயால் ஏற்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை. அவன் கேட்டுக்கொண்டிருப்பதும் கவனிக்கத்தக்கது: 29 ஆண்டுகள் கழித்தும் அவனுக்குத் தேவைப்படுவது அவளுடைய மன்னிப்பு. நிலமும் வீடும் சட்டமும் கையில் இருந்தபோது எடுத்துக்கொள்ள முடிந்த எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டவன், எடுத்துக்கொள்ள முடியாத ஒன்றுக்காகக் காத்துக்கிடந்திருக்கிறான். இந்தப் படத்தில் யாராவது காத்திருந்தார்கள் என்றால் அது ஹெய்பெய்தான். அவள் அந்த மன்னிப்பை முதல் ஆண்டிலேயே கொடுத்திருந்தால் அதற்கு மதிப்பே இருந்திருக்காது. பண்ணைக்குப் போகும் குத்தகை நெல்லோடு சேர்த்து அதுவும் போயிருக்கும். தராமல் வைத்திருந்ததால்தான் 1961இல் அதைக் கொண்டு மகளின் வாழ்க்கைக்கு ஓர் ஏற்பை வாங்க முடிகிறது. 1932இல் குடியானவன் மகள் பண்ணை வீட்டுக்குள் கொண்டுவரப்பட்டாள். 1961இல் பண்ணையார் தன் நொண்டிக் காலோடு குடியானவன் வீட்டை நோக்கி நடக்கிறான். யார் யாரிடம் தணிந்துபோனார்கள் என்பதற்கு அந்த நடையே சாட்சி.

ஹெய்பெய்க்கு இவ்வளவு மனிதத்தன்மை கொடுத்ததே தவறு, வல்லுறவு செய்தவனின் தனிமையை நாம் ஏன் பார்க்க வேண்டும் என்றும் கேட்கலாம். நகதாய் அவனைக் கொடூரனாக மட்டும் நடிக்கவில்லை என்பது உண்மை. அவன் பொறாமையும் தாழ்வு மனப்பான்மையும் தெரிகின்றன. ஆனால் அவன் தனிமை அவன் செய்த குற்றத்தின் விளைவாகவே காட்டப்படுகிறது, குற்றத்துக்குச் சமாதானமாக அல்ல. அவனை அசுரனாக்கியிருந்தால் பார்ப்பவர் நிம்மதியாக வீடு திரும்பலாம். அசுரர்கள் அபூர்வம், பண்ணை வீடுகள் ஊருக்கு ஊர் இருந்தன. கினோஷிதாவின் கண்ணீரைக் குறைத்துப் பேசுபவர்களும் இதே இடத்தில்தான் தவறுகிறார்கள். 1944இல் 'ரிக்குகுன்' படத்தின் முடிவில், போருக்கு அணிவகுத்துப் போகும் மகனின் பின்னால் கூட்டத்தில் இடறி இடறி ஓடும் தாயை நீளமாகக் காட்டினார். ராணுவம் கேட்ட வீரத்தாய்க்குப் பதில் பதைபதைக்கும் தாய் வந்ததால் அதிகாரிகளின் கோபத்துக்கு ஆளானார்; போர் முடியும்வரை வேறு படம் எடுக்கவில்லை. 1953இல் 'நிஹோன் நோ ஹிகெகி'யில் பிள்ளைகளால் கைவிடப்படும் தாயின் கதைக்கு நடுவே செய்திப்பட துணுக்குகளை வெட்டி ஒட்டினார். அவரிடம் கண்ணீர் வந்த இடங்களிலெல்லாம் அதன் பின்னால் அரசோ சந்தையோ நிலமோ நிற்கும். 'எயென் நோ ஹிதோ'வில் அந்தக் கண்ணீரையும் பெரும்பாலும் நிறுத்திவிட்டார்.

இந்த வாதத்தில் ஏன் இவ்வளவு பிடிவாதம், காதல் கதை என்று பார்த்துவிட்டுப் போனால் என்ன நட்டம் என்று கேட்டால், நட்டம் உண்டு. காதல் கதையாகப் பார்க்கும்போது ஹெய்பெய் செய்தது இரண்டு பேருக்கு நடுவே வந்த தடையாகிவிடுகிறது. தகாஷி என்ற காதலன் இல்லாமலேயே இருந்திருந்தால் அந்தக் கல்யாணம் என்னவாகியிருக்கும்? காதல் வாசிப்பின்படி ஒன்றும் கெட்டிருக்காது. பிரித்துவைக்க ஒரு ஜோடி இல்லை, ஆகவே இழப்பும் இல்லை. சதாகோவின் கோபம் அவளுடையதாக இல்லாமல் தகாஷியின் சார்பில் எழுந்த கோபமாகிவிடும். அவள் ஒருவனின் மனைவியாக இல்லாதபோது இன்னொருவனின் காதலியாக மட்டுமே இருப்பாள். கினோஷிதா அவளுக்கு அதைவிடப் பெரிய இடம் கொடுத்திருக்கிறார். காதலன் கைவிட்ட பிறகும், காதல் வெறும் நினைவாகிப் போன பிறகும், மகனை இழந்த பிறகும், சட்டம் மாறிய பிறகும் அவள் மறுப்பு நிற்கிறது. அந்த மறுப்பு யார் மேலும் வைத்த அன்பைச் சார்ந்ததில்லை. தன்னைக் கேட்கவில்லை என்ற ஒற்றைக் காரணமே அதற்குப் போதும். காதலித்தவளைக் கட்டாயப்படுத்தினால்தான் கொடுமை, யாரையும் காதலிக்காதவளைக் கட்டாயப்படுத்தினால் கல்யாணம் என்ற எண்ணம் எங்கெல்லாம் மிச்சமிருக்கிறதோ, அங்கெல்லாம் இந்தப் படத்தைக் காதல் படம் என்று சொல்லிக்கொண்டிருப்பது அந்த எண்ணத்துக்குத் துணைபோவதாகும்.